இடது கைக்கும் ஒரு கத்தரிக்கோல் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆகஸ்ட் 13 உலக இடக்கையாளர் தினம். என் மகளுக்கு ஒரு நல்ல கத்தரிக்கோல் கிடைத்தால் போதும். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்து அழுத்தினால் இரண்டு அலகும் உரசாமல் விலகிப்போகும், காகிதம் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிச் சிக்கிக்கொள்ளும், வெட்ட வேண்டிய கோடும் அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும். இதைப் பார்த்துவிட்டு வகுப்பில் ‘உனக்குக் கை வரவில்லை’ என்றால் குழந்தை என்ன செய்யும்? எழுதினால் ஈர மை மேலேயே கை நகர்வதால் சுண்டுவிரல் ஓரமெல்லாம் நீலம். ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் இடக்கையாளர். அலகை மாற்றிப் பொருத்திய கத்தரிக்கோல் தனியாகவே செய்கிறார்கள். வகுப்புக்கு இரண்டு வாங்கி வையுங்கள், அப்புறம் இடப்பக்கம் பலகை வைத்த நாற்காலி ஒன்றும்.

இப்படிக்கு,
இடக்கைச் சிறுமி ஒருத்தியின் தாய்