சாரம் வைத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

துண்டை எடுக்கக் கையை நீட்டினாலே எலும்பு முறியும் என் அக்கா மகனுக்கு. ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்ற மரபு நோய், கண்ணின் வெள்ளைகூட லேசான நீலமாக இருக்கும். 'ஸ்டெம் செல் (வேறு வகை செல்லாக மாறி வளரக்கூடிய மூலச் செல்) சாரம் வைத்தால் குணமாகிவிடும்' என்று ஒரு தனியார் மையத்தில் லட்சக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள்.

சாரம் என்றால் பிழிந்தெடுத்த சாறு இல்லை, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போல செல்கள் பற்றி வளர ஒரு தாங்கி; நுரைக்கல் மாதிரி துளைகள் உள்ள கால்சியம் பாஸ்பேட் துண்டு. நோயாளியின் எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்களை அதில் விதைத்து, எலும்பு இல்லாத இடத்தில் பொருத்துவார்கள். 2001-ல் இத்தாலிய மருத்துவர்கள் மூன்று பேருக்கு இப்படிச் செய்து காட்டியது உண்மைதான். சரி, ஆனால் இவன் செல்லிலேயே கொலாஜன் (எலும்புக்கு உறுதி தரும் புரதம்) மரபணு பழுதாச்சே, அதையே விதைத்தால் அதே நொய்ந்த எலும்புதானே வரும்? மரபணுவைத் திருத்தியோ வேறொருவர் செல்லை வைத்தோ செய்தாலும் சரியாவது அந்த ஓர் இடம், மீதி உடம்பு அப்படியே.

ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. அப்புறம் எப்படிக் காசு வாங்குகிறார்கள்? இப்போதைக்கு எலும்பு கரைவதைக் குறைக்கும் பிஸ்பாஸ்போனேட் ஊசி, எலும்புக்குள் கம்பி, பிசியோதெரபி, இவைதான் கைகொடுக்கின்றன. இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்களேன்.

— ஒரு சித்தி, மதுரை