தாளம் தப்பி நடந்தவர்

திருவிடைமருதூர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு நாங்கள் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசும்போது, குழந்தைக்குப் பள்ளிக்கூடத்துப் பாண்டில் கிளாரினெட் கொடுத்திருக்கிறார்கள் என்றும், நம் வீட்டில் யாரும் தொடாத அந்தக் கருவி இவளுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் வசப்பட்டதென்று தெரியவில்லை என்றும் சொன்னாய். தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதுவதே முறை என்று அப்போது பேசாமல் இருந்துவிட்டேன்.

உன் தாத்தாவை நீ அறிந்ததெல்லாம் திண்ணையில் பேப்பர் படிக்கும் ஓய்வூதியக்காரராகவும், இரவில் கோயிலில் சாமியை உறங்கவைக்கும் பள்ளியறைப் பூசைக்கு நாயனத்தை, அதாவது நாதஸ்வரத்தை, எடுத்துக்கொண்டு போகிறவராகவும்தான். பட்டாளத்தில் இருந்தார் என்பது உனக்குத் தெரியும். அங்கே துப்பாக்கியோடு எல்லையில் நின்று எதிரிகளைச் சுட்டார் என்று நீயாகவே முடிவுசெய்துகொண்டு ஆறாம் வகுப்பில் கட்டுரைகூட எழுதினாய். அதை வாங்கிப் படித்தவர் எழுத்துப்பிழை இரண்டைத் திருத்திக் கொடுத்தாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. உண்மை என்னவென்றால், தம்முடைய 15 ஆண்டுப் பட்டாள வாழ்க்கையில் பெரும்பகுதியை அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பாண்டில் கிளாரினெட் வாசித்துத்தான் கழித்தார். அந்தக் கருவி பட்டாளத்துச் சொத்து. ஓய்வுபெற்ற அன்று துடைத்துப் பெட்டியில் வைத்து ஒப்படைத்துவிட்டு வந்தார். அதனால்தான் நம் வீட்டில் அதன் சுவடே இல்லை.

1962 அக்டோபர் 20ஆம் தேதி சீனப் படை எல்லையில் தாக்கியபோது அவருக்கு வயது 22, எனக்கு ஒன்று. ஒரு மாதத்தில் சண்டை நின்றுவிட்டது. ஆனால் ஆள் எடுப்பது நிற்கவில்லை. அடுத்த பொங்கல் கழிந்த வாரத்தில் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் தஞ்சாவூருக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். நாட்டுப்பற்று என்ற ஒரு சொல்லில் இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. கோயிலில் நாயனம் வாசிக்கும் முறை மூன்று பங்காளிகளுக்குள் பிரிந்து, எங்கள் வீட்டுக்கு ஆண்டில் நான்கு மாதம்தான் வரும். கோயிலில் அளக்கும் நெல்லும் அந்த நான்கு மாதத்துக்குத்தான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மேளம் கிடையாது. அந்நாளில் இந்தப் பக்கத்து நாயனக்காரர்களும் தவில்காரர்களும் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குப் போய் நல்ல சன்மானத்தோடு திரும்புவது வழக்கம். அப்பாவுக்கும் அந்த அழைப்பு இருந்தது. அதை விட்டுவிட்டுப் பட்டாளத்துக்கு ஏன் போனீர்கள் என்று கேட்டால், ஒருநாள், "மாசம் தவறாமல் மணியார்டர் வந்ததா இல்லையா?" என்பார், இன்னொரு நாள், "டீக்கடையில் பேப்பர் படித்தவன் அங்கேயே அழுதுவிட்டேன்" என்பார். இரண்டுமே உண்மை என்றுதான் நினைக்கிறேன். என் தாத்தாவோ, சாமி முன்னால் மல்லாரி வாசித்த கை துப்பாக்கி பிடிக்கவா என்று கேட்டு ஓராண்டு அவருக்குக் கடிதமே எழுதவில்லை.

நீலகிரியில் வெலிங்டனில் பயிற்சி. நரசிங்கம்பேட்டையில், பழைய வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த ஆச்சா மரத்து உத்திரத்தில் கடைந்த நாயனம் அவருடையது. இரண்டரை அடி நீளமுள்ள அதைப் பட்டாளத்துப் பெட்டியில் கொண்டுபோக வழியில்லை. சுவரில் மாட்டிவிட்டு, அதன் முனையில் செருகி ஊதும் நாணல் நாக்கான சீவாளிகளின் கொத்தை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். மாலை வேளைகளில் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாராம். பக்கத்துக் கட்டில்காரர்கள் வாத்துக்குஞ்சு வளர்க்கிறாயா என்று கேலி செய்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் பாண்டு மாஸ்டர் காதில் விழுந்ததில்தான் கிளாரினெட் அவர் கைக்கு வந்தது.

சீவாளிக்கு இரட்டை நாக்கு, கிளாரினெட்டுக்கு ஒற்றை நாக்கு. உதடு பிடிக்கும் முறையே வேறு. நாயனத்தில் ஏழு துளைகளையும் விரல் சதையால் பாதி மூடியும் பாதி திறந்தும், மூச்சை ஏற்றியும் இறக்கியும் ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தைக் கொண்டுவருகிறோம். அங்கே துளைகளின்மேல் விரலால் அழுத்தும் சாவிகள். எதிரே தாளில் எழுதிய இசை. எழுதியதற்கு மேல் இம்மியும் அசையக் கூடாது. "ஆட்டாதே" என்று பாண்டு மாஸ்டர் குச்சியால் மேசையைத் தட்டுவாராம். ஒரு ஸ்வரத்தை அசையாமல் நிறுத்தப் பழக அப்பாவுக்கு எட்டு மாதம் பிடித்தது. கிளாரினெட் நம் பக்கத்துக்கு அப்படியொன்றும் அந்நியமான கருவி இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தஞ்சை மராட்டிய மன்னர்கள் அரண்மனையில் ஐரோப்பிய பாண்டு வைத்திருந்தார்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர்க் கச்சேரிகளில் முகவீணை என்ற சிறு ஊதுகருவி இருந்த இடத்தைக் கிளாரினெட் பிடித்துவிட்டது. பின்னாளில் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கச்சேரி வாசிப்பதை வானொலியில் கேட்கும்போதெல்லாம் அப்பா, "இவரிடம் 'ஆட்டாதே' என்று சொல்ல ஆளில்லை" என்று பொறாமையோடு சொல்லிச் சிரிப்பார்.

பாண்டுக்காரர்கள் அமைதிக் காலத்தில்தான் வாசிப்பவர்கள். சண்டை வந்தால் கருவிகளைப் பெட்டியில் பூட்டிவிட்டு அவர்கள் ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டும். அதற்கும் பயிற்சி உண்டு. 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில், அப்பா தூக்கினார். ஆற்றின் இரு பக்கமும் கண்ணிவெடிகள். அவற்றை அகற்றி வெள்ளை நாடா கட்டிய தடத்தில்தான் போகவும் வரவும் முடியும். இரவுக் குளிரில் நாடா கண்ணுக்குத் தெரியாத இடங்களில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து நடந்திருக்கிறார்கள். நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரே ஒரு முறை இதைப்பற்றி விரிவாகப் பேசினார். அவர் பேசியது குண்டுகளைப்பற்றி அல்ல, நடையைப்பற்றி. அணிவகுப்பில் அத்தனை கால்களும் ஒரே தாளத்தில் விழ வேண்டும் என்று எட்டு ஆண்டுகள் வாசித்துப் பழக்கியவர்கள், ஸ்ட்ரெச்சரைத் தூக்கியதும் காலை மாற்றிப் போட வேண்டும். ஒரே தாளத்தில் நடந்தால் படுத்திருப்பவனின் உடம்பு ஊஞ்சலாடும், காயம் குலுங்கும். "தாளக்காரன் வீட்டுப் பிள்ளை தாளம் தப்புவதற்கென்றே மனத்துக்குள் எண்ணிக்கொண்டு நடந்தேன்" என்றார். மார்கழி பிறக்கும் சமயம் அது. நம் கோயிலில் திருப்பள்ளியெழுச்சிக்கு நாயனம் தொடங்கும் நேரத்தில் அங்கே கடைசி நடை முடிந்து உட்கார்வார்களாம். எத்தனை பேரைத் தூக்கினார், அவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று நான் கேட்டேன். எழுந்துபோய் மாட்டுக்கு வைக்கோல் போட்டார். 17ஆம் தேதி இரவு எட்டு மணிக்குச் சண்டை நின்றது.

அந்த மாதம் அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. சண்டைக் காலத்தில் கடிதங்களை அதிகாரி ஒருவர் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார். நான் அப்போது வர்ணம் பாடக் கற்றுக்கொண்டிருந்தேன். அப்பா வழக்கம்போல் அதன் ஸ்வரப் பகுதியான சிட்டைஸ்வரத்தை வரிசையாக எழுதியிருந்தார். ஸரிகமவைச் சங்கேத மொழி என்று எண்ணிய அதிகாரி அவரைக் கூப்பிட்டு விசாரிக்க, அவர் அங்கேயே நின்று தொடையில் தாளம் போட்டு முழுவதையும் பாடிக் காட்டிய பிறகுதான் முத்திரை விழுந்தது. கடிதத்தில் ஸ்வரத்தைத் தவிர இருந்தது ஒரே வரி: "இங்கே குளிர் அதிகம், நீ காலையில் வெந்நீரில் குளி."

நான் பாடக் கற்றது இப்படித்தான்: ஆண்டில் பத்து மாதம் தபாலில், இரண்டு மாதம் நேரில். பள்ளிக்கூட விடுமுறையைக் கணக்குப் பார்த்துச் சித்திரை, வைகாசியில் அவர் லீவு கேட்டு வருவார். விடியற்காலை என்னை ஆற்றுக்கு அழைத்துப்போய் நடு மணலில் உட்காரவைத்து, 'ஆ' என்று நீட்டிப் பாடும் அகார சாதகம் செய்யச் சொல்வார். தண்ணீர் வருவதற்குள் அவர் ரயிலேறிவிடுவார். ஆகையால், பொங்கிவரும் காவிரியைப்பற்றி ஊரே பேசினாலும், அப்பாவோடு சேர்த்து எனக்கு நினைவிருக்கும் காவிரி வெறும் மணல்தான்.

அந்தப் பத்து மாதங்களில் என்னையும் உன் மாமாவையும் வளர்த்து, பங்காளிகளிடம் முறை கேட்டுச் சண்டையிட்டு, மணியார்டர் பணத்தில் கூரை ஓடுகளை மாற்றியது உன் பாட்டி. அப்பாவைப் பாசமுள்ள தகப்பன் என்று எல்லாரும் சொல்லும்போது எனக்குச் சிறிது கோபம் வருவதுண்டு. பாசம் உண்மைதான், ஆனால் காய்ச்சலில் என் அருகில் விழித்திருந்தது அவர் அல்லர். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "ஆமாம்" என்றார்.

1978இல் திரும்பி வந்தபோது கோயில் முறை கைமாறிப் போயிருந்தது. உதடும் கிளாரினெட்டுக்குப் பழகிப்போயிருந்தது. பகலில் ஒரு வங்கியில் காவல் வேலை, விடியலில் ஆற்றங்கரையில் நாயனம் என்று ஓராண்டு சாதகம் செய்தார். பிறகு பள்ளியறைப் பூசைக்கு மட்டும் பங்காளிகள் விட்டுக்கொடுத்தார்கள். காசு கிடையாது. அந்த நீலாம்பரி ராகத்தை நீயும் கேட்டிருக்கிறாய். தாத்தா வாசித்தால் நீ படியிலேயே தூங்கிவிடுவாய்.

சீவாளிக் கொத்தை இத்துடன் அனுப்பவில்லை; உலர்ந்து வெடித்துவிட்டது, வழியில் தூளாகிவிடும். அந்த டிசம்பர்க் கடிதத்தின் நகலை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் கிளாரினெட்டின் நாக்கைத் துடைத்து உலரவைக்கக் குழந்தைக்குச் சொல்லிக்கொடு. அடுத்த ஞாயிறு தொலைபேசியை அவள் அருகில் வை, நான் கேட்க வேண்டும். ஸ்வரத்தை அவள் கொஞ்சம் ஆட்டினால் அவளுடைய ஆசிரியர் கண்டிப்பார், நீ கண்டிக்காதே.

அன்புடன்,
அம்மா