கோவில்பட்டி நூலகத்தில் கூடிய அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கோவில்பட்டி நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில், நாடகப் படுதாக்களில், அதாவது மேடைத் திரைச்சீலைகளில், ஓவியம் எழுதியவர்களையும் காலண்டர் படம் வரைந்தவர்களையும் பற்றிய என் கிராஃபிக் நாவல் வெளியிடப்பட்டது. அதையொட்டி நானும் உரையாற்றினேன். நன்றி சொல்லும் நேரம் வந்தபோது மனம் நிறைந்து போனதில் நான்கு பேரைக் குறிப்பிட்டுவிட்டு அமர்ந்துவிட்டேன். விடுபட்டவர்கள் பலர். தம் பெயர் பொதுவில் வர வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டிருப்பதால், எவர் பெயரையும் எழுதாமல் அவரவர் செய்ததை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதல் நன்றி நூலகருக்கு. இந்த விழாவுக்கு இடம் கேட்டு நான் வேறு இரண்டு அரங்குகளுக்குப் போயிருந்தேன். ஓரிடத்தில், சிறுவர் படக்கதைக்கு வெளியீட்டு விழா எதற்கு என்று கேட்டார்கள். நூலகர் அப்படி எதையும் கேட்கவில்லை. அச்சுக்குப் போகும் முன்பிருந்த பக்கங்களை வாங்கி, மாலை நூலகம் அடைக்கும் நேரம் வரை நின்றபடியே வாசித்தார். பிறகு, எத்தனை நாற்காலி வேண்டும் என்று மட்டும் கேட்டார். விழா முடிந்ததும் நூலகத்துக்கான படியை எண்ணிட்டு, முத்திரை குத்தி, சிறுவர் பகுதியில் வைக்காமல், கோயிற் சிற்பங்களைப் பற்றிய நூல்களுக்குப் பக்கத்தில் ஓவியக்கலை அடுக்கில் அவர் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். இருபது ஆண்டுகளாகச் சித்திரக்கதை வரைந்துவரும் எனக்கு அந்த இடம் எவ்வளவு பெரியது என்பதை அவர் அறிந்தே செய்திருக்க வேண்டும்.

அந்தக் கூடமும் நாற்காலிகளும் யாருடையவை என்பதையும் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து, வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அதனோடு நூலக வரியையும் சேர்த்தே கட்டி வருகிறார்கள். ஆகவே இந்த ஊரில் வரி ரசீது வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் என் நன்றி உரியது.

இந்த நூலைக் கோவில்பட்டியில்தான் வெளியிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டைய ராஜு, நாடகக் குழு ஒன்றுக்குத் திரைச்சீலை எழுதும் ஓவியராக 1940களில் இந்த ஊருக்கு வந்து, குழு கலைந்த பின் இங்கேயே தங்கிவிட்டார். 1976இல் மறையும் வரை அவரும் அவருடைய சீடர்களும் இந்தக் கரிசல் ஊரில் அமர்ந்து வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளின் சுவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. நாம் கண்ணை மூடினால் தோன்றும் முருகனின் முகமும் லட்சுமியின் முகமும் பெரும்பாலும் அந்தக் கைகள் தந்தவை. என் கதையில் வருபவர்கள் கற்பனை மனிதர்கள். ஆனால் அவர்கள் வாழும் தெரு இந்த ஊரின் தெரு.

அந்தத் தெருவை வரையத் தெரியாமல் நான் தவித்தபோது, தம் தகப்பனார் சேர்த்து வைத்த காலண்டர்களை ஒரு தகரப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்து, மூன்று மாதம் வரை திருப்பிக் கேட்காமலிருந்த பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கு நன்றி. படுதா எழுதிய ஓவியர் ஒருவரின் மகளான அம்மா, வண்ணப்பொடியோடு வச்சிரப் பசையைக் காய்ச்சிக் கலக்கும் முறையைத் தம் அடுப்படியில் எனக்குச் செய்தே காட்டினார். அந்த வாடை வீடெங்கும் பரவியபோது அவர் முகம் சுளிக்கவில்லை. “எங்கப்பா சட்டையிலே எப்பவும் இந்த வாடைதான்” என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் பேசாமல் கிண்டிக்கொண்டிருந்தார். நூலின் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அந்தச் சொற்களிலிருந்து பிறந்தது. அம்மாவுக்கு நான் பட்ட கடன் பெரிது.

விழாவன்று நான் பேசத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகாத நிலையில் புரொஜெக்டர் நின்றுவிட்டது. படமில்லாமல் படக்கதையைப் பற்றி என்ன பேசுவது என்று நான் திகைத்து நிற்கையில், வாசகர் வட்டத்து இளைஞர்கள் இருவர் எதிர்க்கடையிலிருந்து சணல் கயிறும் துணி மாட்டும் கிளிப்புகளும் வாங்கி வந்து, புத்தக அடுக்குகளுக்கு இடையே கட்டி, நான் பையில் வைத்திருந்த பதினாறு மூலப் பக்கங்களையும் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். காலண்டர் கடை போலவே இருந்தது அந்தக் காட்சி. மக்கள் எழுந்து, பக்கம் பக்கமாக நடந்து பார்த்தார்கள். நானும் கூடவே நடந்து, இந்தக் கட்டத்தில் ஏன் ஆளையே வரையவில்லை, அந்தப் பக்கத்தில் பேச்சுக்குமிழ் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று விளக்கிச் சொன்னேன். திரையில் காட்டியிருந்தால் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள், வெள்ளை மை பூசி நான் திருத்திய இடங்களை. அவற்றைத் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்ட பள்ளி மாணவியருக்கு நன்றி.

அப்போதுதான் அந்தப் பெரியவர் பதினோராவது பக்கத்தின் முன் நின்றார். எண்பது வயதைக் கடந்தவர். சிவகாசியில், கல்லின்மேல் வரைந்து அதிலிருந்து தாளில் அச்செடுத்த கல் அச்சுக் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தபின் என்னை அருகே அழைத்தார். ஓவியர் கல்லின்மேல் குனிந்து காலண்டரின் எழுத்துகளை எழுதும் காட்சி அது. “தம்பி, எழுத்து நேராக இருக்கே. கல்லிலே நேராக எழுதினால் தாளிலே தலைகீழாக அல்லவா, இடவலம் மாறி விழும்?” என்றார். கையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு, எழுத்தைத் திருப்பி எழுதி, கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டுதான் தாங்கள் வேலை செய்ததாகவும், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் என்பதால் ஒரே படத்தை அந்த நிறங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்ததாகவும் சொல்லி, என் பென்சிலை வாங்கி, துண்டுத் தாளொன்றில் ‘ஸ்ரீ முருகன் துணை’ என்பதை இடவலமாக, ஓரெழுத்துக்கும் தயங்காமல் எழுதிக் காட்டினார். மாணவி ஒருத்தி செல்போனின் கறுப்புத் திரையில் அதைப் பிடித்துப் பார்த்து உரக்க வாசித்தாள். கூடம் முழுவதும் கைதட்டியது. நான் ஆண்டுக்கணக்கில் தேடியும் எந்த நூலிலும் கிடைக்காத ஒன்றை, ஐந்து நிமிடத்தில் அவர் எல்லோர் முன்பும் தந்துவிட்டார். ஐயா, என் பிழையைச் சுட்டிக்காட்டிய அந்த அன்புக்குத் தலைவணங்குகிறேன். அந்தத் துண்டுத் தாளை என் வரைமேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

நூலை ஏற்று வெளியிட்ட பதிப்பகத்தாருக்கும், நிறம் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும்வரை இரவெல்லாம் கண்விழித்து அச்சிட்ட அச்சகத் தொழிலாளர்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் கடலை மிட்டாயும் தேநீரும் தந்து உபசரித்த வாசகர் வட்டத்தாருக்கும், 1970களில் வந்த முத்து காமிக்ஸ் இதழ்களைப் பத்திரமாகக் கட்டு செய்து எடுத்துவந்து எல்லோரையும் புரட்டவிட்ட தீப்பெட்டி ஆலை நண்பருக்கும், நான் வரைந்துகொண்டே இருந்த இந்த ஆறு ஆண்டுகளும் வீட்டைத் தாங்கிய என் துணைவியாருக்கும் என் நன்றி.

அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தின் எழுத்துகள் இடவலமாகவே இருக்கும். பெரியவரே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் பதிப்பை வாங்கியவர்களுக்குத் திருத்திய கட்டத்தைத் தனித்தாளில் அச்சிட்டுத் தருகிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நூலகத்துக்குப் புத்தகத்தோடு வந்தால், நானே ஒட்டித் தருவேன். நூலகத்துப் படியில்தான் முதலில் ஒட்டுவோம்.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
நூலாசிரியன்