நீட்டிய கை

அன்பு மகளுக்கு,

எடின்பரோ பார்லிமென்ட் ஹாலில் நீ எடுத்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைச் சலவைக்கல், நீதிபதி அங்கி, முன்னே நீண்ட கை. “யாரோ பழைய நீதிபதி” என்று எழுதியிருந்தாய். முப்பது வருடம் வழக்குக் கட்டுகளைக் கட்டியும் அவிழ்த்தும் கழித்தவன் நான். அப்படியே விட மனம் வரவில்லை. தேடிப் படித்தேன்.

அவர் ஸ்காட்லாந்தின் கல்லோடன் என்ற ஊரைச் சேர்ந்த டங்கன் ஃபோர்ப்ஸ். 1685இல் பிறந்து, நெதர்லாந்தின் லைடனில் சட்டம் படித்தவர். 1720களில் எம்.பி., 1725இல் ஸ்காட்லாந்தின் அரசுத் தலைமை வழக்கறிஞர், 1737இல் ஸ்காட்லாந்தின் உச்ச சிவில் நீதிமன்றமான செஷன் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. தேங்கிக் கிடந்த வழக்குகளை முடிக்கப் பாடுபட்டார் என்று படித்ததும், வாய்தா வாங்கியே ஓய்ந்துபோனவர்களின் முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்ற 1715இல் எழுந்த கிளர்ச்சியை அடக்க அரசுப் பக்கம் நின்றவர் அவர். ஆனால் பிடிபட்ட ஸ்காட்லாந்துக்காரர்களை விசாரணைக்காக இங்கிலாந்தின் கார்லைலுக்குக் கொண்டுபோனபோது, அது முறையல்ல என்று எதிர்த்தார். அவர்களுக்காகப் பணமும் திரட்டினார். கிளாஸ்கோவில் மால்ட் (பீர் காய்ச்சப் பயன்படும் முளைகட்டிய தானியம்) வரிக் கலவரம் நடந்தபோது படையோடு போய் நகர நிர்வாகிகளையே கைது செய்தவரும் இவர்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

1745இல் ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸ் படை திரட்டியபோது, இவர் வடக்கே இருந்தபடி குலத் தலைவர்களுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, பலரைக் கிளர்ச்சியில் சேராமல் தடுத்தார். கைப்பணத்தைச் செலவழித்தார், கடனும் வாங்கினார். 1746 ஏப்ரல் 16 அன்று, அவருடைய வீட்டை அடுத்த பொட்டல்வெளியிலேயே கடைசிப் போர் நடந்தது. அரசு வென்றது. காயப்பட்டுக் கிடந்தவர்களையும் விடாமல் கொன்றார்கள்.

தன் பக்கம் வென்ற வேளையில், தோற்றவனுக்கும் சட்டம் உண்டு என்று எழுந்து பேசுவது லேசான காரியமா அம்மா? இவர் பேசினார். “மனிதாபிமானம் பற்றி என்னிடம் பேசிய கிழவி” என்று அரசுப் படையின் தளபதி கம்பர்லாந்து கோமகன் இவரை இகழ்ந்ததாகச் சொல்கிறார்கள். செலவழித்த பணமும் திரும்பி வரவில்லை. 1747 டிசம்பரில் இறந்துபோனார். அந்தக் கிழவிக்குத்தான் வழக்கறிஞர்கள் 1752இல் இந்தச் சிலையை வைத்தார்கள்.

அவர் கல்லறை கிரேஃபிரையர்ஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், ஹாலிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரு ஞாயிறு போய் வா. எனக்காக ஒரு நிமிடம் நில். குளிரில் காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அப்பா