தீப்பெட்டியில் இருந்த பொறிவண்டு

கண்ணு,

எப்படி இருக்கிறாய்? போன வாரம் இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய், நான் ஒன்றும் நினைக்கவில்லை. எழுதினால் நேரம் கிடைக்கும்போது படிப்பாயே என்றுதான் எழுதுகிறேன். புது வேலையில் எதில் கையெழுத்துக் கேட்டாலும் முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டுப் போடு.

நான் பயிற்சிக்குப் போவதைத் தம்பி சொல்லியிருப்பான். உழவர் வயல்வெளிப் பள்ளி என்று பெயர், ஆனால் கட்டடம் எதுவும் கிடையாது, வயல்தான் பள்ளி. விதைப்பிலிருந்து அறுப்பு வரைக்கும் வாரம் ஒரு நாள். காலையிலேயே நாலைந்து பேராக வயலில் இறங்கி, செடியைப் புரட்டிப் பார்த்து, எந்தப் பூச்சி எத்தனை இருக்கிறது என்று எண்ணி, அப்புறம் நிழலில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் வரைய வேண்டும். நடுவில் செடி, ஒரு பக்கம் பயிரைக் கெடுக்கிற பூச்சி, மறுபக்கம் அதைப் பிடித்துத் தின்கிற பூச்சி. 1989-ல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளோடு தொடங்கிய முறையாம் இது. மருந்தை அடித்து அடித்து நல்லது செய்யும் பூச்சியெல்லாம் செத்து, நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற புகையான் பூச்சி பெருகி, பயிரே போனதுக்கு அப்புறம்தான் இந்த வழிக்கு வந்திருக்கிறார்கள். நாமும் அப்படித்தானே அடித்தோம். பக்கத்து வயலில் அடித்தால் நாமும் அடிப்போம், பூச்சி இருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்ததில்லை.

நான் பொறிவண்டு வரைந்தேன். நீ தீப்பெட்டிக்குள் வைத்து வளர்த்தாயே, நான் பிடுங்கித் தூக்கி எறிந்தேனே, அதேதான். அது செடியின் சாற்றை உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சியைத் தின்று பயிரைக் காப்பாற்றுகிற பூச்சி என்று இந்த வயசில் தெரிந்துகொள்கிறேன். உனக்கு அப்போதே அதன் மேல் ஒரு கண். சொல்லித் தருகிற பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், அவளைப் பார்க்கும்போதெல்லாம் உன் நினைப்புத்தான். நீ இருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லித் தருவாய். ஆனால் நீதான் மூன்று அறுப்பாக வயல் பக்கமே வரவில்லையே. வயல் என்ன பாவம் செய்தது, சொல்.

அந்தப் பெண் ஒரு நாள் சொன்னாள், ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2011-ல் ஒரு அறிக்கை போட்டதாம். ஆண்களுக்குக் கிடைக்கிற நிலம், விதை, உரம், கடன், பயிற்சி எல்லாம் பெண்களுக்கும் அதே மாதிரி கிடைத்தால், அவர்கள் வயலில் 20 முதல் 30 சதவீதம் கூடுதலாக விளையும் என்று. அவள் முதலில் நிலம் என்றாளா, எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. முதல் நாள் பதிவுத் தாளில் நில உரிமையாளர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. தம்பி பெயரைத்தான் எழுதினேன். பக்கத்தில் இருந்தவள் புருஷன் பெயரை எழுதினாள். நாற்று நட்டது, களை எடுத்தது எல்லாம் நாங்கள்தான்.

சம்பளத்தில் ஏதாவது உன் பெயரிலேயே சேர்த்து வை. எதுவானாலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது கண்ணு? அப்பா இறந்த மாதம், நிலத்தில் பங்கு வேண்டாம் என்கிற பத்திரத்தை நீ படிக்கத்தான் கையில் எடுத்தாய். "கூடப்பிறந்தவனுக்குப் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போடுவார்கள்" என்று கேட்டது நான்தான். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாய், போட்டுவிட்டாய். அடுத்து நானும் போட்டேன். தம்பி அதைக் கேட்கவே இல்லை, அவனைக் கோபிக்காதே. கடைசிக் காலத்தில் அவன்தானே என்னைப் பார்க்க வேண்டும் என்கிற பயத்தில் உன் பங்கை எடுத்துக் கொடுத்தேன். உன்னுடையது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

அவனிடம் இன்னும் பேசவில்லை. அறுப்புக்குள் பேசிவிடுவேன்.

புதன்கிழமை வகுப்பு மத்தியானமே முடிந்துவிடும், அதற்கு அப்புறம் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. நான் வரைந்ததைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பொறிவண்டுக்குக் கால் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்.

அம்மா