காலை ஊன்றலாமா, கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கிராமம் கிராமமாகப் போகும் பிசியோதெரபிஸ்ட் நான். எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் நான் முதலில் கேட்பது டிஸ்சார்ஜ் தாளைத்தான். எக்ஸ்ரே படத்தோடு சேர்த்துச் சுருட்டி, பீரோ மேல் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தாளில் நாலு வரியாவது தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

போன மழைக்காலத்தில் பார்த்த ஒரு அப்பாயியைச் சொல்கிறேன். கொல்லையில் பாசி வழுக்கி விழுந்தவர், வயது எழுபதுக்கு மேல். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாகியும் தலையணைகூட இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். தலையணை ஏன் இல்லை என்று கேட்டதும் கல்லூரியில் படிக்கும் பேரன் தாளை எடுத்துக் காட்டினான். ‘நெக் ஆஃப் ஃபீமர்’ என்று இருந்தது. “கழுத்துலயும் முறிவு இருக்குக்கா, அதான் நாங்க தூக்கி உட்கார வைக்கவே இல்ல” என்றான். பாட்டி மேல் உயிரையே வைத்திருக்கும் பையன். ஒருக்களிக்க வைத்துப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குப் படுக்கைப் புண். மூச்சு விடும்போது நெஞ்சில் சளி கரகரத்தது.

அது தொடை எலும்பின் கழுத்து. தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து இருக்கிறது, இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்து சுழல்வது அதுதான். பந்துக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள குறுகலான பகுதியைக் கழுத்து என்கிறார்கள். பந்துக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பங்கு அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகிறது. வயதானவர்களுக்குக் கழுத்து முறிந்து எலும்பு விலகிவிட்டால் பந்துக்கு ரத்தம் நின்று போகும், கூடுவதும் கடினம். அதனால்தான் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறார்கள். அப்பாயிக்கும் அதுதான் செய்திருந்தது. அந்த இடத்தில் கூட வேண்டிய எலும்பு எதுவும் இல்லை! ‘எலும்பு கூடட்டும், அசையாமப் படு’ என்பது இங்கே பொருந்தவே பொருந்தாது. பெரும்பாலும் மறுநாளே உட்கார வைத்து, வாக்கரைப் பிடித்து நிற்க வைப்பதற்காகச் செய்யும் ஆபரேஷன் அது. படுத்தே கிடந்தால் புண், சளி, காலில் ரத்தக்கட்டு, சிறுநீர்த் தொற்று என்று ஒவ்வொன்றாக வரும். இப்படி இடுப்பு மூட்டில் முறிவு கண்ட முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்று பல நாடுகளின் கணக்குகள் சொல்கின்றன. எலும்பு முறிந்து யாராவது சாவார்களா என்று கேட்பவர்கள் இதை அறிய வேண்டும்.

அவர் செய்யக் கூடாதவையும் சில உண்டு. தரையில் சம்மணமிட்டு உட்காரக் கூடாது, குத்த வைக்கக் கூடாது. குனிந்து வளைந்தால் பந்து குழியைவிட்டு விலகலாம். அந்த வீட்டில் இதையும் யாரும் அறிந்திருக்கவில்லை. பாட்டி எழுந்து நடமாடத் தொடங்கியதும் போயிருக்கக்கூடிய கழிப்பறை தரையோடு தரையாக இருப்பது.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கிறது. பைக்கிலிருந்து விழுந்த ஒரு தம்பிக்கு முட்டிக்குச் சற்றுக் கீழே, கால் எலும்பின் மேல்தட்டில் முறிவு. பிளேட் வைத்திருந்தார்கள். உடம்பின் பாரம் முழுவதும் இறங்கும் இடம் அது. தாளில் ‘என்.டபிள்யூ.பி. 6/52’ என்று ஒரே ஒரு வரி. காலை ஊன்றாதே, ஆறு வாரத்துக்கு என்று அர்த்தம். ஒரு வருடத்துக்கு 52 வாரம் என்பதால் அப்படி எழுதுவது மருத்துவர்கள் பழக்கம். 3/12 என்றால் மூன்று மாதம், 5/7 என்றால் ஐந்து நாள். அந்தத் தம்பியின் அம்மா அதைத் தேதி என்று நினைத்துக்கொண்டிருந்தார். வலி குறைந்ததும் அவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். மூட்டின் மேல்தட்டு ஒரு பக்கம் அமுங்கி, கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஓட்டுநர் வேலைக்குப் போக வேண்டிய பையன்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு இன்னும் பயம். ஐந்து முதல் எட்டு வயதுக்குள், மரத்திலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ கையை ஊன்றி விழுந்தால் முழங்கைக்கு மேலே முறியும். சுற்றிலும் வீங்கும். கட்டு இறுகினால் உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்கும் நரம்புக்கும் ரத்தம் போகாது. ஆறு மணி நேரம் போல அப்படியே விட்டால் தசை செத்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் வோல்க்மன் 1881-லேயே இதை விவரித்து எழுதிவிட்டார். இன்றும் அப்படி மடங்கிய கைகளோடு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி மாவுக்கட்டிலும் இது நேரலாம். மூங்கில் பட்டை வைத்து இறுக்கும் நாட்டுக் கட்டில் இன்னும் எளிதாக நேரும். குழந்தையின் விரலை மெல்ல நீட்டிப் பார்க்க வேண்டும். வீறிட்டு அழுதாலோ, விரல் வெளுத்தாலோ, மரத்துப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த எச்சரிக்கையும் தாளின் அடியில் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்தான் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அழும்போது ஒரு தாய் அதை யாரிடம் கொண்டுபோய்ப் படிப்பார்?

மருத்துவப் பெயர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஊர் மருத்துவர் எழுதியதை இன்னோர் ஊர் மருத்துவர் பிசகில்லாமல் புரிந்துகொள்ள அவை தேவை. அவற்றின் மேல் எனக்கு மரியாதையும் உண்டு. மணிக்கட்டில் அடிக்கடி நேரும் ஒரு வகை முறிவுக்குக் காலிஸ் முறிவு என்று பெயர். அயர்லாந்தின் டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் அதை 1814-ல் விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் அவர் சொன்னது இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் செய்தி நோயாளிக்குப் போய்ச் சேரவில்லை. ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி நின்ற இடத்தில் தடுக்கி விழுந்தே மணிக்கட்டு முறிகிறது என்றால், எலும்பு அடர்த்தி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போதே சோதித்து மருந்து எடுத்தால் பின்னால் இடுப்பு முறிவதைத் தவிர்க்க வழி உண்டு. மாவுக்கட்டைப் பிரித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

மருத்துவர்களைக் குறை சொல்லவும் எழுதவில்லை. புறநோயாளிகள் வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து தமிழில் எழுத அவர்களுக்கு நேரம் இல்லை. அச்சடித்த ஒரு தமிழ்த் தாள் போதும். எந்த எலும்பு என்று காட்ட ஓர் எலும்புக்கூட்டுப் படம், அதில் ஒரு வட்டம். உள்ளே வைத்திருப்பது ராடா, பிளேட்டா, பந்தா. காலை முழுதாக ஊன்றலாமா, பாதியா, கூடவே கூடாதா, எந்தத் தேதி வரை. தரையில் உட்காரலாமா. எது கண்டால் உடனே வர வேண்டும். மருத்துவர் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் தாய் சேய் அட்டையைத் தமிழில் அச்சடிக்கத் தெரிந்த அரசுக்கு இது பெரிய வேலையே இல்லை. தனியார் ஆஸ்பத்திரிகளும் இதைச் செய்ய வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் செய்து அனுப்பும்போது இந்தத் தாளும் கூடவே வர வேண்டும் என்று அரசு ஒரு விதி போடலாம்.

அதுவரைக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று வார்டை விட்டுக் கிளம்புமுன் மருத்துவரிடமோ சிஸ்டரிடமோ “காலை ஊன்றலாமா, எப்போதிலிருந்து?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தாளின் பின்பக்கம் உங்கள் கையாலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
திருவாரூர் மாவட்டம்