ஞாயிறு கடுகண்ணாவ ஏற்றப் பயிற்சி

அன்பான அண்ணாமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

இந்த ஞாயிறு காலை 4 மணிக்கு வெள்ளவத்தையில் இருந்து வான் வண்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு மாவனெல்லை போகிறோம். அங்கிருந்து கண்டி வீதியில் கடுகண்ணாவ டோசன் கோபுரம் வரை மிதிப்போம்.

கொழும்பின் சமதரையில் நமக்கு எதிரி காற்று. ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் தடை சிறிது, உடலும் சைக்கிளும் சேர்ந்த எடைதான் பெரிது. அதனால் தொடக்கத்திலேயே பாய வேண்டாம். முதல் பத்து நிமிடம் முழு வசனமாகப் பேசக்கூடிய மூச்சோடு போங்கள், மிச்சத்தை மேலே செலவழிக்கலாம். போன முறை நான் அடிவாரத்திலேயே முழுப் பலத்தையும் கொட்டி, பாதியில் இறங்கி நின்றேன். அந்த வலி இன்னும் மறக்கவில்லை.

பின்பக்கப் பெரிய பல்சக்கரம் 28 பல்லாவது இருந்தால் முழங்கால் தப்பும். அப்புறம், இறக்கத்தில் பஸ்களை முந்தவே கூடாது. பிரேக் கட்டைகளைச் சனிக்கிழமையே பாருங்கள். தேசிக்காய், உப்பு, சீனி கரைத்த தண்ணீர் இரண்டு போத்தல் கட்டாயம்.

இடைநாட்களில் காலிமுகத்திடலில் எதிர்காற்றுக்குக் கனமான கியரில் எட்டு நிமிடம் வீதம் நான்கு தடவை மிதியுங்கள். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள்.